எங்கள் வீட்டு விளக்கு விதிகள்

எங்கள் வீட்டில் விளக்குப் போடுவதற்கு ஏழு விதிகள் இருந்தன. எழுதியவள் நான். பழைய நாள்காட்டி அட்டையைத் திருப்பி, பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் எழுதுவதைப் போலவே பெரிய எழுத்தில் எழுதி, மீட்டர் பெட்டிக்குக் கீழே ஆணியடித்து மாட்டினேன். எழுபதுகளின் நடுப்பகுதி அது. மகளுக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்தது. அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தாள். அவள் படிக்க வசதியாக இருக்கட்டும் என்று அட்டையை அவள் உயரத்துக்கே மாட்டினேன்.

இதை எழுத உட்கார்ந்தால் அந்த உயரம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

நாங்கள் இருந்தது, இன்றும் இருப்பது, காரைக்கால் தலத்தெருவில். நான் அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியை. என் கணவருக்குக் குரும்பகரத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. அங்கேயே எங்களுக்குக் கொஞ்சம் நிலமும் இருந்தது. அவர் என் அம்மாவின் கடைசித் தம்பி. எனக்குத் தாய்மாமன். எங்கள் பக்கத்தில் அது ஒரு விஷயமே இல்லை. வெளியில் பெண் எடுத்தால்தான் ஏன் என்று கேட்பார்கள். கல்யாணத்துக்கு முன்னாலும் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டேன், பின்னாலும் அப்படியே. சின்ன வயதில் என் வகிடு கலையாமல் தலை பின்னிவிட்டவர் அவர். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னை "டீச்சரம்மா" என்று கேலியாகக் கூப்பிட ஆரம்பித்தார்.

கரண்டு எங்களுக்குத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்துதான் வந்தது. அங்கே மழை பொய்த்து அணைகளில் தண்ணீர் இறங்கினால் இங்கே எங்கள் கூடம் இருண்டுபோகும். வெட்டு இல்லாத நேரத்திலும் ஓல்டேஜ் இருக்காது. சாயங்காலம் ஆறு மணியானதும் தெருவிளக்கும் வயல் மோட்டார்களும் ஒன்றாக இழுக்க, வீட்டுப் பல்பு சிவந்துபோய், அணையப்போகிற கரித்துண்டு மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். அந்த வருஷங்களில்தான் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. வீடுகளில் நூறு வாட்ஸ் பல்புகளைத் தவிர்க்க வேண்டும், ஆளில்லாத அறையில் விளக்கு எரியக்கூடாது, பிள்ளைகள் மூலம் இதைப் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். காலைப் பிரார்த்தனையில் வாசித்தது நான்தான். வாசித்ததோடு விட்டிருக்கலாம். "நீங்க வீட்டுல ஒரு லைட்ட நிறுத்துனா, வயல்ல ஒரு மடைக்குத் தண்ணி பாயும்" என்று என் சொந்தச் சரக்கையும் சேர்த்துச் சொன்னேன். எனக்கு அது நிஜமாகவே பட்டது. எங்கள் குறுவைப் பயிர் மோட்டார் தண்ணீர் கிடைக்காமல் கருகியதைக் கண்ணால் பார்த்திருந்தேன். மாமா அந்தக் கருகிய நாற்றை ஒரு பிடி பிடுங்கிவந்து சமையல்கட்டு வாசலில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனதையும் பார்த்திருந்தேன்.

ஆகவே விதிகள். ஆறரை மணிக்கு முன் விளக்கு கூடாது. ஆளில்லாத இடத்தில் விளக்கு கூடாது. ஒருவர் மட்டும் நடந்து போவதற்காக விளக்குப் போடக்கூடாது. வாசல் அறையிலும் கொல்லைக்குப் போகும் நடையிலும் ஜீரோ வாட் பல்பு மட்டும். கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் சேர்த்து ஒரே பல்பு. அதுவும் நாற்பது வாட்ஸ். கடைசியாக அணைப்பவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். ஏழாவது: கூடுதல் வெளிச்சம் வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும்.

இரண்டு அறைக்கு ஒரே பல்பு என்பது நான் கண்டுபிடித்ததில்லை. எங்கள் தெருவிலேயே நாலைந்து வீடுகளில் அப்படி இருந்தது. நடுச்சுவரில், தலைக்கு மேலே, ஒரு செங்கல் அளவுக்குத் துவாரம் போட்டு அதில் பல்பைத் தொங்கவிட்டால் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. பூவத்திலிருந்து வந்த கொத்தனார் துவாரத்தை இடித்து முடித்து, சிமெண்ட் பூசிக்கொண்டே, "இனிமே அடுப்படியில என்ன வேகுதுன்னு அய்யா கூடத்துலேருந்தே பாத்துக்கலாம்" என்றார். மாமா, "வேகுறத பாக்குற அளவுக்கு வெளிச்சம் வருமான்னு அந்த டீச்சரம்மாவ கேளுங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

மீட்டரில் சக்கரம் சுற்றுவது தெரியும். ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு. அந்தக் கோடு ஒரு முறை வந்து மறுமுறை வருவதற்குள் எத்தனை எண்ண முடிகிறது என்று பார்ப்பேன். அதிகம் எண்ண முடிந்தால் சந்தோஷம். சில சாயங்காலங்களில் மகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு இருவருமாக எண்ணுவோம். அவள் எனக்கு முன்னாலேயே எண்ணி முடிப்பாள். எண்ணுவதில் அவளுக்கு அப்படி ஒரு தேர்ச்சி. அது எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பிரெஞ்சு பென்ஷன். அவர் கணவர் எங்கோ ஒரு பிரெஞ்சுக் காலனியில் பட்டாளத்தில் இருந்து, இறந்துபோனவர். அந்த வீட்டில் கூடத்துக்கு ஒரு டியூப் லைட், வாசலுக்கு ஒரு டியூப் லைட். ஓல்டேஜ் இல்லாத நேரத்தில் இரண்டும் பிடிக்காமல் துடித்துக்கொண்டே இருக்கும். அக்கா நாற்காலி மேல் ஏறி ஸ்டார்ட்டரைத் திருகிக்கொண்டே வேலிக்கு மேலாக என்னைப் பார்ப்பார்.

"என்ன டீச்சரு, இன்னைக்கி ஒங்க வூட்டுல மின்மினிப் பூச்சி வந்தாச்சா?"

"வந்தாச்சுக்கா. ஒங்க வீட்டுல மின்னல் வெட்டுற மாதிரியே வெட்டிக்கிட்டு இருக்கு, மழையதான் காணும்."

"பேசு, பேசு. கண்ணு போனப்பறம் கண்ணாடிக் கடைக்காரன்கிட்டப் போயி பேசு."

அது வெறும் கேலி. அவர் மனதில் ஒன்றும் இல்லை. பிற்பாடு அந்த அக்காவுக்கே அந்த வார்த்தை நினைவுக்கு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதற்கு நான்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே பிள்ளை. சத்தம் போட்டுப் பேசமாட்டாள். சொன்னதைச் செய்வாள். சொல்லாததையும் ஊகித்துச் செய்வாள். எனக்கு அதில் பெருமை இருந்தது. சாயங்காலம் முதல் விளக்கைப் போடும்போது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதைப் போல அவளும் கைகூப்பிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். எண்ணெய் விளக்குக்குச் செய்த வழக்கம், பல்பு வந்த பிறகும் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் பல்பு பியூஸாகியிருந்தது எனக்குத் தெரியாது. சுவிட்சைத் தட்டினேன். சத்தம் வந்தது, வெளிச்சம் வரவில்லை. நானும் மாமாவும் அண்ணாந்து பல்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இவள் மட்டும் கைகூப்பி, கண்ணை மூடி, கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள்.

"எரியாத லைட்ட கும்புடுது பாரு" என்றார் மாமா.

விழுந்து விழுந்து சிரித்தோம். அவளும் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் எங்கள் முகத்தைத் தேடிச் சிரித்தாள். பல நாள் அந்தக் கதையை வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம். அவள் கும்பிட்டது விளக்கை இல்லை, சுவிட்சின் சத்தத்தை. ஐந்து வருஷம் கழித்து எனக்கு அது விளங்கியபோது, பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன்.

அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள். விதிகள் வந்து ஒரு வருஷம் இருக்கலாம். நான் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் அரிசி களைந்துகொண்டிருந்தேன். இந்தப் பக்கம் துவாரத்துக்குக் கீழே பாயில் உட்கார்ந்து அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பெரிய பல்பு போடும்மா."

"ஏன்?"

பென்சில் கீறும் சத்தம் நின்றது.

"ஏழாவதுல என்னா போட்டிருக்கு?"

"காரணம் சொல்லணும்."

"சொல்லு."

பென்சில் மறுபடி கீறத் தொடங்கியது. பிறகு, "சும்மாதாம்மா" என்றாள்.

"சும்மா கேட்டா சும்மாதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு நான் உலையை ஏற்றினேன். நறுக்கென்று பேசிவிட்டதாக எனக்குத் திருப்தி.

அந்தப் பிள்ளை என்ன காரணம் சொல்லியிருக்க முடியும்? தனக்குத் தெரிவது போலத்தான் எல்லோருக்கும் தெரிகிறது என்று நினைத்திருந்தாள். சாயங்காலமானால் உலகமே எல்லோருக்கும் அப்படி மறைந்துபோகும், பெரியவர்கள் பழக்கத்தில் சமாளிக்கிறார்கள், தானும் பழகிக்கொள்ள வேண்டும். பின்னால் அவளே சொன்னது இது. எங்கள் வீடும் அவளுக்கு வேறு ஒன்றையும் காட்டவில்லை. நாங்களும் தடவித் தடவித்தானே டம்ளரை எடுத்தோம்? நானும் கொல்லைக்குப் போகும்போது சுவரைத் தொட்டுக்கொண்டுதானே போனேன்? எல்லோருக்கும் வெளிச்சம் குறைவாக இருந்த வீட்டில், ஒருத்திக்கு மட்டும் இருட்டாக இருந்தது எப்படித் தெரியும்?

இப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது என்று தெரிகிறது. தெரிந்துகொள்ள வழிகள் இருந்தன. முழங்காலுக்குக் கீழே அவளுக்கு எப்போதும் காயம். ஒன்று ஆறுவதற்குள் இன்னொன்று. வாளி, அம்மி, படிக்கட்டு என்று எதிலாவது இடித்துக்கொள்வாள். சாப்பிடும்போது பக்கத்தில் வைத்த தண்ணீர் டம்ளரைத் தட்டிவிடுவாள். "கண்ணு என்னா பொடரியிலயா இருக்கு?" என்று நான் கேட்காத வாரம் கிடையாது. ஒரு சாயங்காலம் காய்ச்சி இறக்கிவைத்த பால் முழுவதையும் காலால் தட்டிவிட்டாள். பால் சுட்டதா என்று கூடப் பார்க்கவில்லை. முதுகில் இரண்டு அடி வைத்தேன். "பாத்து நடக்கத் தெரியாதா?" அவள் அழவில்லை. கந்தல் துணியை எடுத்துவந்து துடைத்தாள். ஒரு பக்கம் துடைத்துவிட்டு, இன்னொரு பக்கம் பால் குளம்போல் நிற்பதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாள். திமிர் என்று நினைத்தேன். கூப்பிட்டு மறுபடியும் துடைக்கவைத்தேன்.

அதன் பிறகு அவள் எதையும் தட்டிவிடுவது குறைந்தது. இடித்துக்கொள்வதும் குறைந்தது. எனக்கு ஒரு பாடம் நடத்தி முடித்த மாதிரி இருந்தது. வீட்டில் எந்தச் சாமானையாவது இடம் மாற்றிவைத்தால் மட்டும் அவளுக்குக் கோபம் வரும். அம்மாதிரிப் பிள்ளைக்கு அம்மாதிரிக் கோபம் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. இருட்டிலும் விறுவிறுவென்று நடந்தாள். விளக்கே போடாமல் கொல்லைக்குப் போய் வந்தாள். நான் வியந்தேன். விதிகளை எழுதிய நானே சில சமயம் ஜீரோ வாட்டைப் போட்டுக்கொண்டு போவேன், அவள் போடமாட்டாள்.

இதைத்தான் பள்ளிக்கூடத்தில் சொன்னேன். அவள் அப்போது ஐந்தாம் வகுப்பு, என் பள்ளியிலேயே. மறுபடியும் வெட்டு அதிகமாகி, மறுபடியும் சுற்றறிக்கை வந்த வருஷம். பிரார்த்தனைக்கு நின்ற பிள்ளைகளிடம், "நம்ம பள்ளிக்கூடத்துப் பொண்ணு ஒண்ணு, வீட்டுல ஒரு நாள்கூட தனக்குன்னு லைட்டு போட்டுக்காது. இருட்டுலயே எல்லா வேலையும் செய்யும்" என்றேன். பெயர் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். தலைமையாசிரியர் கைதட்டச் சொன்னார். நூறு பிள்ளைகள் கைதட்டினார்கள். அவள் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். முகத்தில் சந்தோஷமும் இல்லை, வெட்கமும் இல்லை. ஏதோ மாட்டிக்கொண்டதைப் போல இருந்தாள். கூச்சம் என்று நினைத்தேன்.

அந்த வாரமே வேலியருகில் பக்கத்து வீட்டு அக்கா என்னை நிறுத்தினார்.

"டீச்சரு, ஒங்க சட்டம் எங்க வேலி வரைக்கும் வந்துடுச்சு போல."

"என்னாக்கா?"

"நேத்தி பொழுதோட ஒம் பொண்ணு கடைக்குப் போயிட்டு வருது. எங்க வேலிய தொட்டுக்கிட்டே வருது. எங்க வூட்டு டியூப் லைட்டு நேத்திக்கித்தான் அதிசயமா பகலாட்டம் எரியுது, அந்த வெளிச்சத்துலயும் தொட்டுக்கிட்டுதான் வருது. முள்ளு கிழிக்கப் போவுதுடின்னேன். திரும்பிப் பாத்துச்சு, எங்கயோ பாத்துச்சு, என்னைய பாக்கல. நான் வாசல்லதான் நிக்கிறேன்."

"வெளையாட்டா இருக்கும்க்கா."

"இருக்கும்" என்றார் அக்கா. ஆனால் அவர் சிரிக்கவில்லை.

நான் அன்று பாடத்திட்டக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். எழுத ஓடவில்லை. சாயங்காலம் அவள் பின்தெருவில் ஹிந்தி வகுப்புக்குப் போயிருந்தாள். ஆறே முக்காலுக்கு வருவாள். வாசல் அறையில் ஜீரோ வாட் பல்பைப் போட்டேன். ஓல்டேஜ் குறைவாகத்தான் இருந்தது. ஆனாலும் நாற்காலி தெரிந்தது, நாற்காலி மேல் மாமா போட்டுவிட்டுப் போன துண்டு தெரிந்தது, துண்டின் கரை தெரிந்தது. நான் அறையின் நடுவில் நின்றுகொண்டேன். என்ன செய்கிறேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. பெற்ற பிள்ளையைச் சோதித்துப் பார்க்கிறேனே என்று.

செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. உள்ளே வந்தாள். உதடு அசைந்தது. கிட்டே வர வர எனக்குக் கேட்டது: "மூணு, நாலு, அஞ்சு." நேராக என்னைப் பார்த்துத்தான் வந்தாள். முகம் என்னை நோக்கி இருந்தது. கண்ணில் நான் இல்லை. "ஏழு" என்கிறபோது என் வயிற்றில் வந்து முட்டிக்கொண்டாள். பையை நழுவவிட்டு இரண்டு கையாலும் என்னைத் தடவினாள். புடவையைத் தொட்டதும் தெரிந்துகொண்டாள்.

"ஏம்மா இருட்டுல நிக்கிற? கரண்டு போயிடுச்சா?"

"லைட்டு எரியுதுடி" என்றேன்.

அவள் முகத்தைத் தூக்கி, இப்படியும் அப்படியும் திருப்பித் தேடி, உத்தரத்தில் தொங்கிய அந்தச் சிறிய பல்பைக் கண்டுபிடித்தாள். அதை மட்டும் பார்க்க முடிந்தது அவளுக்கு. அது வெளிச்சம் போட்டிருந்த எதையும் இல்லை. கண்டுபிடித்ததும் முகம் வெளுத்தது.

"நான் போடலம்மா" என்றாள்.

இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் சொன்ன வார்த்தைகளில் இதைப்போல் என்னை வெட்டியது வேறு எதுவும் இல்லை.

மாமா வந்ததும் சொன்னேன். அவர் சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, பிடித்துக்கொண்டே நின்றார். "மாலைக்கண்ணுதான். முருங்கக்கீரைய குடுத்தா சரியாப் போயிடும். எங்க கூடப் படிச்சவன் ஒருத்தனுக்கு இருந்துச்சு, ஈரல் தின்னே சரியாப் போச்சு." அவர் குரலில் இருந்த உறுதியை நான் பிடித்துக்கொண்டேன். மூன்று மாதம் முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, ஆட்டு ஈரல், மீன் எண்ணெய் மாத்திரை. முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் விழுங்கினாள். தினமும் சாயங்காலம் வாசலில் நின்று, "அந்த மரம் தெரியுதா? அந்தக் கொடியில காயிற துணி தெரியுதா?" என்று கேட்பேன். முதல் வாரம் "தெரியலம்மா" என்றாள். இரண்டாவது வாரத்திலிருந்து "தெரியுது" என்று சொல்ல ஆரம்பித்தாள். நான் சந்தோஷப்பட்டேன். பிறகு ஒரு நாள் கொடியில் துணியே இல்லாதபோதும் "தெரியுது" என்றாள்.

புதுச்சேரிக்கு அழைத்துப் போனோம். பெரிய ஆஸ்பத்திரி. கண்ணில் மருந்து விட்டு உட்காரவைத்து, இருட்டறையில் வெகுநேரம் பார்த்தார்கள். டாக்டர் என்னைவிட இளையவர். அமைதியாகப் பேசினார். படிப்பு, ஊர், காய்ச்சல் வந்ததா என்றெல்லாம் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

"நீங்க சொந்தத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டீங்களாம்மா?"

"ஆமாங்க. தாய்மாமன்" என்றேன். எப்போதும் சொல்கிற குரலிலேயே சொன்னேன். அதில் எப்போதும் ஒரு பெருமை கலந்திருக்கும், அன்றும் கலந்திருந்தது. சொல்லி முடித்த பிறகுதான் அவர் ஏன் கேட்டார் என்று தோன்றியது. பக்கத்தில் நின்ற மாமாவின் கை, மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தது, அப்படியே நின்றுவிட்டது.

விழித்திரையில் பிறவியிலேயே உள்ள கோளாறு என்றார். இரவில் முதலில் போகும், பிறகு பக்கவாட்டுப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகும். நேர்ப் பார்வை பல வருஷம் இருக்கலாம், பெரியவளான பிறகும் இருக்கலாம், சொல்ல முடியாது. மருந்து இல்லை. உறவுக்குள் கட்டினால் இது வர வாய்ப்பு அதிகம், ஆனால் கட்டிய எல்லோருக்கும் வருவதில்லை.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "வீட்டுல வெளிச்சம் கம்மியா வச்சதால வந்துதுங்களா?"

"இல்லம்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"முன்னாடியே வந்திருந்தா?"

"முன்னாடி வந்திருந்தாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன். நல்ல வெளிச்சம் வச்சிக் குடுங்க. அவ்வளவுதான் நம்ம கையில இருக்கு."

அவர் ஆறுதலுக்காகச் சொன்னார். என் மேல் பழி இல்லை என்று ஒரு படித்த டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் கடைசி வாக்கியத்தை என்ன செய்வது? நம் கையில் இருந்தது அது ஒன்றுதான் என்றால், அந்த ஒன்றைத்தானே நான் ஐந்து வருஷமாகக் கொடுக்காமல் வைத்திருந்தேன்?

பஸ்ஸில் திரும்பி வந்தோம். மகள் ஜன்னலோரம். சீர்காழி வந்ததும் மாமா என் பக்கம் திரும்பாமலே, "ஒங்கம்மா அன்னைக்கே ஒனக்கு வெளில மாப்ள பாக்கலாம்னு ஒரு தடவ சொன்னா" என்றார். என் அம்மா அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது. "நான்தான் வேண்டாம்னேன். பாப்பாவ நான் பாத்துக்கிறேன்னு சொன்னேன்." கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக என்னைப் பாப்பா என்று சொன்னார். பூவம் தாண்டும்போது வெளியே பொழுது இறங்கிவிட்டது. வயல்கள் எனக்கு நன்றாகத் தெரிந்தன. மகள் இன்னமும் ஜன்னல் பக்கம்தான் முகத்தை வைத்திருந்தாள். எவ்வளவு நேரமாக அவளுக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கும் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

மறுநாளே மாமா நூறு வாட்ஸ் பல்புகளாக வாங்கிவந்தார். துவாரத்தில் இருந்ததைக் கழற்றிவிட்டு, கூடத்துக்குத் தனி, சமையல்கட்டுக்குத் தனி, நடைக்கு ஒரு டியூப் லைட், கொல்லைக்கு ஒன்று. ஓல்டேஜுக்காக ஒரு ஸ்டெபிலைசரும் வந்தது. ஐந்தரை மணிக்கே எல்லாவற்றையும் போட்டுவிடுவேன். தெருவில் போகிறவர்கள், "என்னா விசேஷம் வூட்டுல?" என்று கேட்டார்கள். மீட்டர் பார்க்க வருகிறவர் ஒரு முறை சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சரம்மா வூடா இது?" என்றார். அவருடைய பெண்ணும் என் பள்ளியில்தான் படித்தது. மடைத் தண்ணீர்ப் பேச்சு அவர் வீட்டுக்கும் போயிருந்தது.

அட்டையையும் கழற்றப் போனேன். சுவரில் அந்த இடத்தில் ஆணிமட்டும்தான் இருந்தது. அவளே எடுத்துத் தன் புத்தகங்களோடு வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "அந்தப் பக்கம் படம் நல்லாருக்கும்மா" என்றாள். நாள்காட்டியின் முகப்பில் ஒரு ஏரியும் படகும் இருந்தன. நான் எழுதிய பக்கம் அவளுக்குத் தேவைப்படவில்லை. அவளுக்கு அது மனப்பாடம்.

அதுதான் எனக்கு இன்றுவரை பயம். விளக்கை மாற்ற ஒரு நாள் போதுமாக இருந்தது. அவளை மாற்ற முடியவில்லை. நான் போட்டுக்கொண்டே போவேன். அவள் அணைத்துக்கொண்டே வருவாள். யோசித்துச் செய்வதில்லை. ஓர் அறையை விட்டுப் போகும்போது அவள் கை தானாகச் சுவருக்குப் போகிறது, சுவிட்சைத் தட்டுகிறது. நான் திட்டினால் "மறந்துட்டேம்மா" என்பாள். இப்போது அவளுக்குப் பதினேழு முடிகிறது. காரைக்காலில் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். பகலில் நேராக வைத்துப் பார்த்தால் எழுத்துத் தெரிகிறது. பக்கவாட்டில் வருகிற சைக்கிள் தெரிவதில்லை. போன வருஷம் வாசல் நிலைப்படியின் இரண்டு பக்கமும் தெரிந்தது, இந்த வருஷம் நடு மட்டும்தான் தெரிகிறது என்று அவளே ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னாள், பருப்பு வேகவில்லை என்று சொல்வதைப் போல. அவள் கல்லூரியிலிருந்து வர ஐந்து நிமிஷம் தாமதமானால் நான் தெருமுனையில் நிற்கிறேன். அவளுக்குத் தெரியாமல் நிற்பதாக நினைத்துக்கொள்கிறேன்.

சென்ற வாரம் ஒரு சாயங்காலம். விளக்குகளை எல்லாம் போட்டுவிட்டு நான் கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மாமா இன்னும் வரவில்லை. அவள் கொல்லையிலிருந்து வந்தாள். முதலில் கொல்லை விளக்கு அணைந்தது. நடை விளக்கு அணைந்தது. சமையல்கட்டு விளக்கு. என் தலைக்கு மேல் ஒன்று மட்டும் மிச்சம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எத்தனை தடவடி சொல்றது? ஒனக்காகத்தானே போடறேன்?"

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எனக்கு அந்த நடையில எரிஞ்சாலும் ஒண்ணுதான், அணைஞ்சாலும் ஒண்ணுதாம்மா. எண்ணித்தான் வர்றேன். எதுக்கு அத்தன லைட்டு?"

நான் அடுத்த விடைத்தாளை எடுத்தேன்.

"ஏழாவதுல என்னா போட்டிருக்கு?" என்றாள். என் குரலிலேயே சொன்னாள். அப்படியே என் குரல். "காரணம் சொல்லு."

கேலிக்குத்தான் கேட்டாள். அந்தப் பழைய சாயங்காலம் அவளுக்கு நினைவிருந்ததா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. நினைவிருந்தது என்றுதான் நினைக்கிறேன். பேனாவை மூடிவைத்தேன். சொல்வதற்கு எத்தனையோ இருந்தன. டாக்டர் சொன்னார், விழுந்துவிடுவாய், பக்கத்து வீட்டு அக்கா பார்த்தால் என்ன நினைப்பார். எதுவும் காரணம் இல்லை என்று எனக்கே தெரிந்தது. ஒளிக்க ஒன்றும் மிச்சமில்லை.

"எனக்குப் பயமா இருக்குடி. அதான்" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. பிறகு திரும்பிப் போனாள். சமையல்கட்டு சுவிட்ச் தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் நடையில். கடைசியாகக் கொல்லையில். வீடு முழுக்க மறுபடியும் வெளிச்சமானது. அவள் எண்ணிக்கொண்டே திரும்பி வருவது கேட்டது, பன்னெண்டு, பதிமூணு. ஒவ்வொரு சுவிட்சையும் கடக்கும்போது கை சுவருக்குப் போகும். இந்த முறை போகவில்லை.

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"காரணம் சரிதாம்மா" என்றாள். "எரியட்டும்."